தாழ்வார விளக்குக்கு வந்த தத்துப்பூச்சி புதிய சிற்றினமா?

கேள்வியை முதலில் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். பொள்ளாச்சிப் பக்கம் தென்னந்தோப்பு வைத்திருக்கும் ஒருவர், ராத்திரி தாழ்வார விளக்குக்கு வரும் ஒரு சிறு பூச்சியைப் படம் எடுத்திருக்கிறார். அரிசி நீளம்கூட இருக்காது. உடலைவிடச் சிறகு நீளம், வெளிறிய நிறம், சிறகில் சாம்பல் திட்டுகள். பகலில் அதே பூச்சி தென்னை ஓலையின் அடிப்பக்கம் ஒட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறது. செல்பேசிச் செயலி தடவைக்கு ஒரு பெயர் சொல்கிறது, கையேடுகளிலும் படம் இல்லை. "இது யாரும் இதுவரை பெயர் வைக்காத பூச்சிதான் என்று எப்படி உறுதி செய்வது? அப்படி இருந்தால் நானே பெயர் வைக்கலாமா?" என்று கேட்டிருக்கிறார். எனக்குத் தெரியாத பூச்சி என்பதிலிருந்து யாருக்குமே தெரியாத பூச்சி என்பதற்கு எந்த வழியாகப் போவது என்பதுதான் கேள்வியின் சாரம். பெயர் வைப்பது கடைசி அரைப் பக்கம். மற்ற பக்கங்களைப் பற்றித்தான் இங்கே அதிகம் பேசப் போகிறேன்.

நான் நெல்லிலும் கரும்பிலும் வரும் தத்துப்பூச்சிகளோடு முப்பது வருடத்துக்கு மேல் மல்லுக்கட்டியவன். தென்னையில் வருகிறவற்றோடு ஓரளவுதான் பழக்கம். இதை முன்கூட்டியே சொல்லிவிட்டால் நான் எங்கே அடித்துப் பேசுகிறேன், எங்கே இழுக்கிறேன் என்பது உங்களுக்குப் புரியும்.

படங்களை வைத்து உறுதியாகச் சொல்ல முடிவது கொஞ்சம்தான். இரண்டாவது படத்தில் தலை பக்கவாட்டில் தெரிகிறது. உணர்கொம்பு கண்ணுக்குக் கீழே கன்னத்தில் முளைத்த மாதிரி இருக்கிறது, அதன் இரண்டாம் கணு உப்பி உருண்டையாக இருக்கிறது. நம் ஊரில் தத்துகிற எல்லாவற்றையும் தத்துப்பூச்சி என்றே சொல்லிவிடுகிறோம். ஆனால் நெல்லில் வரும் பச்சைத் தத்துப்பூச்சி வேறு கூட்டம். அதற்கு உணர்கொம்பு இரண்டு கண்ணுக்கும் நடுவில், மயிர் போல இருக்கும், பின்னங்கால் நெடுக முள்வரிசை இருக்கும். நெல்லைக் கருகவைக்கும் புகையானும் உங்கள் பூச்சியும் ஃபுல்கோரோமார்ஃபா என்ற இன்னொரு கூட்டம். இவற்றின் முன்சிறகில் பின்விளிம்பை ஒட்டி இரண்டு நரம்புகள் கவட்டை போல ஒன்று சேரும். உங்கள் படத்தைப் பெரிதாக்கினால் அந்தக் கவட்டையும் தெரிகிறது. இதுவரை சந்தேகமில்லை.

அடுத்தது குடும்பம். புகையான் சேர்ந்த டெல்பாசிடே குடும்பத்துக்குப் பின்னங்கால் நுனியில் அசையக்கூடிய ஒரு குதிமுள் உண்டு, சேவல் காலில் இருப்பது மாதிரி. உங்கள் பூச்சியில் அது இல்லை. நீண்ட சிறகையும் ஓலையடியில் உட்காரும் விதத்தையும் பார்த்தால் டெர்பிடே குடும்பம் என்று தோன்றுகிறது. தோன்றுகிறது என்பதோடு நிறுத்திக்கொள்கிறேன். டெர்பிடேவுக்கு உறிஞ்சுகுழலின் கடைசிக் கணு குட்டையாக இருக்க வேண்டும், உங்கள் படத்தில் அது காலுக்கு அடியில் மறைந்துவிட்டது. இதற்கு மேல் பேரினம் எது, சிற்றினம் எது என்று இந்தப் படங்களை வைத்துச் சொல்ல யாராலும் முடியாது. யாராவது சொன்னால் நம்ப வேண்டாம்.

ஏன் முடியாது என்றால், இந்தக் கூட்டத்தில் ஒரு சிற்றினத்தை இன்னொன்றிலிருந்து பிரிக்கும் அடையாளம் பெரும்பாலும் வெளியில் தெரிவதில்லை. அது ஆண் பூச்சியின் வால்முனைக்குள் இருக்கிறது. செத்த ஆணை நுண்ணோக்கியின் கீழ் வைத்து மெல்லிய ஊசியால் வயிற்றை நெஞ்சிலிருந்து பிரித்தெடுப்போம். (காப்பி குடித்த கையோடு இந்த வேலைக்கு உட்காரக் கூடாது, கை காட்டிக்கொடுத்துவிடும்.) பிரித்த வயிற்றைப் பத்து சதவீதப் பொட்டாசியம் ஹைட்ராக்சைடு கரைசலில் ராத்திரி முழுக்க ஊற வைப்போம். காலையில் தசை எல்லாம் கரைந்துபோய், தேன் நிறத்தில் கண்ணாடி போன்ற கூடு மட்டும் மிஞ்சியிருக்கும். அதைத் தண்ணீரில் அலசிக் குழி வெட்டிய கண்ணாடித் தகட்டில் ஒரு சொட்டு கிளிசரினில் போட்டால், கிண்ணம் மாதிரி கடைசி வளையம், அதன் வாயில் இடுக்கி போல இரண்டு கொடுக்கு, நடுவே வளைந்த குழலாக ஆண்குறி, மேலே சின்ன மலவாய்க் குழல் எல்லாம் தெரியும். ஆண்குறி நுனியில் முள் எத்தனை, அவை எந்தப் பக்கம் வளைகின்றன, கொடுக்கின் நுனி கூர்மையா மழுங்கலா என்பதில்தான் சிற்றினம் பிரிகிறது. கிளிசரினில் அது நாம் நினைத்த பக்கம் நிற்காமல் உருண்டுகொண்டே இருக்கும். இரண்டு பஞ்சு இழையை அண்டக்கொடுத்துப் பக்கவாட்டில் ஒரு படம், பின்னாலிருந்து ஒரு படம், கீழிருந்து ஒரு படம் என்று வரைவோம். ஒரு பூச்சிக்கு ஒரு முழு நாள் போய்விடும்.

பெண் பூச்சி மட்டும் கிடைத்தால்? பல பேரினங்களில் பெண்ணை வைத்துச் சிற்றினம் சொல்லவே முடியாது. ஒற்றைப் பெண்ணை வைத்துப் புதிய சிற்றினம் என்று எழுதியவர்களால் பின்னால் வந்தவர்கள் பட்ட அவஸ்தை கொஞ்சமில்லை. விதி அதைத் தடுக்கவில்லை, ஆனாலும் செய்யாதீர்கள் என்பேன்.

வெளித்தோற்றம் எவ்வளவு ஏமாற்றும் என்பதற்குப் புகையானையே சொல்லலாம். ஒரே தாயின் முட்டையிலிருந்து நீளச் சிறகுப் பூச்சியும் வரும், வயிறு பாதிதான் மூடும் குட்டைச் சிறகுப் பூச்சியும் வரும். பயிர் இளசாக, சாப்பாடு தாராளமாக இருந்தால் குட்டைச் சிறகு, கூட்டம் நெருக்கி பயிர் முற்றினால் பறந்துபோக வசதியாக நீளச் சிறகு. இரண்டையும் பக்கத்தில் வைத்தால் இரண்டு சிற்றினம் என்று யாரும் சத்தியம் செய்வார்கள். நிறமும் வெளிர் பழுப்பிலிருந்து கரும்பழுப்பு வரை ஓடும். அதனால் சிறகில் இருக்கும் சாம்பல் திட்டு உங்கள் பூச்சியைப் புதிதாக்கிவிடாது.

சரி, ஆண் கிடைத்தது, வால்முனையும் வரைந்தாயிற்று என்று வைத்துக்கொள்வோம். அப்புறம்தான் வேலையே ஆரம்பிக்கிறது. விலங்குகளின் பெயர்க் கணக்கு 1758இல் லின்னேயஸின் சிஸ்டமா நேச்சுரே நூலின் பத்தாம் பதிப்பிலிருந்து தொடங்குகிறது. அன்றிலிருந்து இன்றுவரை உங்கள் பூச்சிக்கு யாரும் பெயர் வைக்கவில்லை என்று காட்ட வேண்டும். மறுபடியும் புகையானிடமே வருகிறேன், இதற்கு அதைவிட நல்ல பாடம் எனக்குத் தெரியாது. 1854இல் சுவீடனைச் சேர்ந்த கார்ல் ஸ்டால் ஜாவாவிலிருந்து வந்த பூச்சியை டெல்பாக்ஸ் லூஜென்ஸ் என்று விவரித்தார். 1906இல் லண்டனில் வில்லியம் டிஸ்டன்ட், பிரிட்டிஷ் இந்தியாவின் விலங்குகள் வரிசையில் சாறு உறிஞ்சும் பூச்சிகள் பற்றிய தொகுதியில், இலங்கையிலிருந்து எர்னஸ்ட் கிரீன் அனுப்பிய பூச்சிக்கு நிலபர்வதா கிரீனி என்று புதுப் பேரினமே உண்டாக்கினார். அதே தொகுதியில் கல்பா அகுலியேட்டா என்று இன்னொன்றையும் விவரித்தார். அதே வருடம் ஜப்பானில் மட்சுமுரா டெல்பாக்ஸ் ஒரைசே என்றார். 1907இல் ஹவாயில் இருந்த கிர்கால்டி ஆர்டோவிக்ஸ், பாரிசாட்டிஸ், ஆண்டெரிடா என்று மூன்று பெயர் வைத்தார். 1935இல் மட்சுமுரா தைவான் பூச்சிக்கு மறுபடியும் ஒரு பெயர் வைத்தார். இந்த எட்டும் ஒரே பூச்சி. தஞ்சாவூரில் வயல் நடுவே வட்ட வட்டமாகக் கருகவைக்கும் அதே புகையான்.

இவர்கள் யாரும் அரைகுறைகள் இல்லை, அந்தக் காலத்தின் பெரிய தலைகள். டிஸ்டன்ட் ஒரே புத்தகத்துக்குள்ளேயே ஒரே பூச்சியை இரண்டு பேரினத்தில் வைத்திருக்கிறார் என்றால், நிறத்தையும் தலை வடிவத்தையும் மட்டும் பார்த்தால் என்ன ஆகும் என்பதற்கு வேறு சாட்சி வேண்டாம். ஆண் வால்முனையைப் பிரித்துப் பார்க்கும் பழக்கம் நிலைத்த பிறகுதான் குழப்பம் தீர்ந்தது. 1924இல் மியூர், கிஃபர்ட் என்ற பூச்சியியலாளர்கள் இருவரும் லூஜென்ஸை நிலபர்வதாவுக்குள் கொண்டுவந்தார்கள். முந்தி வைத்த பெயருக்கே உரிமை என்பது விதி. அதனால் சிற்றினப் பெயர் ஸ்டாலுடையது நின்றது, பேரினப் பெயர் டிஸ்டன்டுடையது நின்றது. நம் காதில் அது நீல பர்வதம் என்றே விழுகிறது, நெல் வயலில் சேற்றுக்குப் பக்கத்தில் வாழும் பூச்சிக்கு!

நானும் இதில் மாட்டியிருக்கிறேன். கரும்புத் தோகையில் பிடித்த ஒரு ஆணின் வால்முனை எந்தப் படத்தோடும் ஒத்துப்போகவில்லை. இரண்டு மாதம் வரைந்து, அளந்து, பெயர்கூட முடிவு செய்து வைத்திருந்தேன். ஒரு நாள் வேறு ஏதோ தேடும்போது பழைய ஆய்விதழ் ஒன்றில் அதே ஆண்குறி, அதே இரண்டு முள், ஒன்று மேலே ஒன்று கீழே. நான் தேடிக்கொண்டிருந்தது ஒரு பேரினத்தில், அது இருந்தது வேறு பேரினத்தில். அனுப்புவதற்கு முன்னால் கண்ணில் பட்டது என் அதிர்ஷ்டம். இப்போது பாரிஸ் இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்தின் தியரி பூர்குவான் உருவாக்கிய ஃப்ளோ என்ற இணையப் பட்டியலில் இந்தக் கூட்டத்தின் பெயர்கள் எல்லாம் பழைய பெயர்களோடு இருக்கின்றன. அன்றைக்கு அது இருந்திருந்தால் எனக்கு இரண்டு மாதம் மிச்சம். ஆனால் பட்டியல் பெயரைத்தான் தரும். சில பழைய விவரிப்புகள் நான்கே வரி, "மஞ்சள் பழுப்பு, சிறகு ஒளி ஊடுருவும்" என்கிற ரகம். அப்போது முதலில் விவரிக்கப் பயன்பட்ட மூலப் பூச்சியையே பார்க்க வேண்டும். ஸ்டாலின் பூச்சிகள் ஸ்டாக்ஹோமில், டிஸ்டன்டின் சேகரிப்பு லண்டனில், மட்சுமுராவினுடையவை சப்போரோவில் இருக்கின்றன. கேட்டால் படம் அனுப்புவார்கள். நூறு வருடத்துக்கு முந்தைய அந்த மூலப் பூச்சிக்கு வயிறு உதிர்ந்துபோயிருந்தால் அங்கே நம் கை கட்டிப்போய்விடும்.

டிஎன்ஏ பார்த்தால் முடிந்துவிடாதா என்று கேட்பீர்கள். உதவும். வழக்கமாகப் படிக்கிறது மைட்டோகாண்ட்ரியாவில் இருக்கும் ஒரு மரபணுவின் 658 எழுத்துத் துண்டு. ஆணையும் பெண்ணையும் இளம்பூச்சியையும் ஒரே சிற்றினம் என்று இணைக்க அதைப் போல வசதி இல்லை. ஆனால் டிஎன்ஏ தரவு வங்கியில் ஒப்பிட வேறு பூச்சியின் பதிவு இல்லாவிட்டால் "எதோடும் பொருந்தவில்லை" என்ற பதிலுக்கு அர்த்தமே இல்லை. பழைய சிற்றினம் பலவற்றின் டிஎன்ஏவை யாரும் இன்னும் படித்ததில்லை. வேறுபாடு எத்தனை சதவீதம் இருந்தால் புதுசு என்று ஒரு கோடும் கிடையாது.

உருவமும் கைவிடும் இடம் உண்டு. தத்துப்பூச்சிகள் வயிற்றை அதிரவைத்துச் செடியின் தண்டு வழியாகத் துணையைக் கூப்பிடும், நம் காதுக்குக் கேட்காது. 1980களில் பிரிட்டனின் கார்டிஃபில் மைக்கேல் கிளாரிட்ஜும் அவர் கூட இருந்தவர்களும், நெல்லில் வாழும் புகையானும், நெல்லுக்கு உறவான லீர்சியா என்ற சதுப்புப் புல்லில் வாழும் புகையானும் வேறு வேறு தாளத்தில் கூப்பிடுவதைப் பதிவு செய்தார்கள். ஆய்வுக்கூடத்தில் சேர்த்து வைத்தால் கலந்தன, விருப்பத்துக்கு விட்டால் தன் வகையையே தேடின. பார்வைக்கு இரண்டும் ஒன்று. இவை இரண்டு சிற்றினம் என்பது அவர்கள் முடிவு, ஆனால் பெயர் இன்றும் ஒன்றே. எனக்குத் தனிப்பட்ட முறையில் அவர்கள் சொன்னது சரி என்றே படுகிறது.

இத்தனையும் தாண்டிப் புதுசுதான் என்று ஆகிவிட்டால் எழுதுவது சிரமமில்லை. சர்வதேச விலங்குப் பெயரிடல் விதித்தொகுப்பு கேட்பது சிலதுதான்: புதிய சிற்றினம் என்று வெளிப்படையாக அறிவிக்க வேண்டும். மற்றவற்றிலிருந்து எதில் வேறுபடுகிறது என்று வார்த்தையில் சொல்ல வேண்டும். ஒரே ஒரு பூச்சியை ஹோலோடைப் (பெயருக்குச் சான்றாக நிற்கும் மூலப் பூச்சி) என்று குறித்து, அது எந்தக் காப்பகத்தில் இருக்கும் என்று எழுத வேண்டும். இணையத்தில் மட்டும் வரும் ஆய்விதழ் என்றால் 2012இலிருந்து விலங்குப் பெயர்களின் இணையப் பதிவேடான ஜூபேங்கில் பதிவும் வேண்டும். சமூக ஊடகத்தில் படத்தோடு பெயரை அறிவித்தால் செல்லாது. இந்திய உயிரியல் பன்முகத்தன்மைச் சட்டம் 2002, புதிதாகக் கண்டுபிடித்த எதையும் அரசு குறித்த காப்பகத்துக்குத் தெரிவித்து மாதிரியை அங்கே ஒப்படைக்கச் சொல்கிறது. கொல்கத்தாவின் இந்திய விலங்கியல் ஆய்வகம் அப்படிப்பட்ட ஒன்று. உங்கள் தோப்பில் பிடிப்பதற்குத் தடையில்லை. ஆனைமலைக் காட்டுக்குள் போய்ப் பிடிக்க வனத்துறை அனுமதி கட்டாயம்.

பலருக்குத் தெரியாத ஒன்று: விவரிப்பு எந்த மொழியில் இருந்தாலும் விதிப்படி செல்லும், தமிழிலும். பெயர்தான் லத்தீன் எழுத்தில் இருக்க வேண்டும். பலரும் படிக்கும் மொழியில் எழுதுங்கள் என்பது பரிந்துரை மட்டுமே. பெயரின் வேர் தமிழ்ச் சொல்லாகவும் இருக்கலாம். உங்கள் பெயரை நீங்களே வைத்துக்கொள்ள விதியில் தடை இல்லை, இந்தத் துறையில் சிரிப்பார்கள், அவ்வளவுதான். ஊர்ப் பெயர் வைக்க ஆசைப்படுவீர்கள். அதிலும் கொஞ்சம் நிதானம் வேண்டும். 1903இல் கிர்கால்டி ஹவாய்க் கரும்பை அழித்துக்கொண்டிருந்த ஒரு தத்துப்பூச்சியைப் பெர்கின்சியெல்லா சக்கரிசிடா என்று புதிதாக விவரித்தார். விவரிக்கப்பட்ட இடம் ஹவாய், பூச்சியின் சொந்த ஊர் அது இல்லை. குயின்ஸ்லாந்திலிருந்து கரும்புக் கரணையோடு வந்திருந்தது. அது புரிந்ததும் 1904இல் கோபெலே, பெர்கின்ஸ் என்ற பூச்சியியலாளர்கள் எதிரிப் பூச்சிகளைத் தேடி ஆஸ்திரேலியாவுக்குக் கப்பல் ஏறினார்கள். கடைசியில் 1920இல் மியூர் கொண்டுவந்த, தத்துப்பூச்சி முட்டையை உறிஞ்சும் டித்தஸ் முண்டுலஸ் என்ற சின்னப் பூச்சிதான் தொல்லையை அடக்கியது. கிர்கால்டி ஊர் பெயரை வைத்திருந்தால் ஹவாய்க்கு அது நிரந்தர அவப்பெயராகியிருக்கும்.

அதே காரணத்தால் "தென்னைத் தத்துப்பூச்சி" என்றும் அவசரப்பட்டு வைக்காதீர்கள். டெர்பிடே என்பது சரியாக இருந்தால், வளர்ந்த பூச்சிதான் ஓலையில் உட்காரும். இளம்பூச்சிகள் மக்கிய மரத்திலும் குப்பையிலும் பூஞ்சையை உறிஞ்சி வளரும். தென்னை அதன் சாப்பாடா, உட்காரும் திண்ணையா என்பது படத்தில் தெரியாது. உங்கள் பகுதியில் கேரள வேர் வாடல் நோய் பயம் இருப்பதால் இதையும் சொல்கிறேன். அந்த நோயை உண்டாக்கும் பைட்டோபிளாஸ்மா என்ற நுண்ணுயிரைப் பரப்புவதாகக் கண்ணாடி இறக்கைப் பூச்சியோடு ப்ரவுடிஸ்டா மோயெஸ்டா என்ற டெர்பிடே பூச்சியையும் ஆய்வாளர்கள் காட்டியிருக்கிறார்கள். அது கருமையான உடம்பு, கருஞ்சிறகில் வெள்ளைப் புள்ளி. உங்கள் வெளிறிய பூச்சி அது மாதிரி இல்லை. அதைப் பார்த்ததற்காக மருந்து அடிக்க வேண்டிய அவசியமும் இல்லை.

என் ஊகத்தைக் கேட்டால், ஏற்கெனவே பெயர் பெற்று, நூறு வருடமாக யாரும் திரும்பிப் பார்க்காத ஒன்றாக இருக்கவே வாய்ப்பு அதிகம் என்பேன். அப்படி ஒன்றை மறுபடி கண்டுபிடித்து நல்ல படம் வரைவதும் கட்டுரைக்குத் தகுதியான வேலைதான். எப்படியானாலும் அடுத்த படி ஒன்றே. விளக்குக்கு வருவதையும் ஓலையடியில் இருப்பதையும் தனித்தனியாகப் பத்துப் பதினைந்து பிடியுங்கள். கையால் அமுக்காமல் சின்னக் குப்பியைக் கவிழ்த்துப் பிடியுங்கள், சிறகுப் பொடி உதிராது. வால்முனை கிண்ணம் போலத் திறந்திருந்தால் ஆண், அதில் நான்கைந்து கட்டாயம் வேண்டும். பாதியை 95 சதவீத ஆல்கஹாலில் போட்டுக் குளிர்பெட்டியில் வையுங்கள், டிஎன்ஏவுக்கு. மீதியை உலர்த்தி முக்கோண அட்டையில் ஒட்டலாம். ஒவ்வொரு குப்பிக்குள்ளும் ஊர், தேதி, விளக்கா ஓலையா, பிடித்தவர் பெயர் எழுதிய சீட்டைப் போடுங்கள். பென்சிலால் எழுதுங்கள். பேனா மை ஆல்கஹாலில் ஒரே ராத்திரியில் கரைந்துவிடும், சீட்டு இல்லாத பூச்சியை எந்தக் காப்பகமும் வாங்காது.